பாஸ் கிட்டாருக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

கல்லூரியில் யாராவது ஒரு பேண்ட் ஆரம்பித்தால், முதல் நாளே கிட்டார் வாசிக்க நான்கு பேர் வந்து நிற்பார்கள். பாடுவதற்கு ஏழு பேர். டிரம்ஸுக்குக் கூட எங்கிருந்தோ ஒருவர் கிடைத்துவிடுவார். பாஸுக்கு மட்டும் ஆள் இருக்காது. கடைசியில் அந்த நான்கு கிட்டாரிஸ்ட்களில் யார் கொஞ்சம் சுமாரோ அவர் தலையில் அதைக் கட்டிவிடுவார்கள். "நாலு கம்பிதான் மச்சி, ஆறை விட ஈஸி" என்று ஆறுதல் வேறு!

சென்னையில் பி.காம். படிக்கும் ஒரு மாணவனுக்கு இரண்டாம் ஆண்டில் இதுதான் நடந்தது. கல்சுரல்ஸுக்கு நான்கு மாதம் இருந்தது. ஒப்புக்கொண்டான். அடுத்த நாளிலிருந்து ஆளாளுக்கு ஆலோசனை. அரை லட்சத்துக்குக் கீழே வாங்கினால் குப்பை என்றார் ஒரு சீனியர். ஆன்லைனில் எட்டாயிரத்துக்கே கிடைக்கிறது, பேர் தெரியாத பிராண்ட் என்றாலும் சத்தம் ஒன்றுதான் என்றான் இன்னொருவன். மூன்றாவது ஆள் சொன்னதுதான் எல்லாவற்றையும் விட ஆபத்து: "இ.எம்.ஐ. போட்டுக்கோ. மாசம் ரெண்டாயிரம்தானே?"

வீட்டில் அப்பாவிடம் நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் இருந்தது. ஆர்.டி. முதிர்ந்து வந்த பணம். தங்கைக்கு ஜூனில் கல்லூரி அட்மிஷன், அதற்காகவே வைத்திருந்தார். மகன் கேட்டதும் அவர் மறுக்கவில்லை. "வாங்கு" என்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "திருப்பி வித்தா எவ்வளவுப்பா வரும்?"

பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னும் வாங்கவே இல்லை, அதற்குள் விற்பதைப் பற்றிக் கேட்டால்? அபசகுனம் பிடித்த மாதிரி! ஆனால் உண்மையில் அந்தக் கேள்விக்குள்தான் முழு விடையும் இருக்கிறது. பாஸ் கிட்டாரின் செலவு என்பது கடையில் கொடுக்கும் விலை அல்ல. கொடுத்த விலைக்கும், ஒருநாள் திரும்பி வரப்போகும் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் செலவு. பிளஸ் ஒன்னிலேயே தேய்மானக் கணக்கில் இதைப் போட்டுப் பத்து மார்க் வாங்கியவர்கள்கூட சொந்தக் காசு என்று வந்தால் மறந்துவிடுகிறார்கள்.

கணக்குக்காக மூன்று கிட்டார்களை எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் உதாரணம்தான், கடைக்குக் கடை மாறும். எட்டாயிரம் ரூபாய் கிட்டார் ஒன்று. பிராண்ட் யாருக்கும் தெரியாது. இரண்டு வருடம் கழித்து இரண்டாயிரத்துக்குப் போனால் அதிர்ஷ்டம். நஷ்டம் 6,000. அடுத்தது இருபத்திரண்டாயிரம் ரூபாய், யமஹா, ஐபனேஸ், கோர்ட், ஸ்குவையர் மாதிரி எல்லோருக்கும் தெரிந்த பெயர். பதினாலாயிரத்துக்கு விற்கலாம். நஷ்டம் 8,000. மூன்றாவது எண்பத்தைந்தாயிரம். அறுபதுக்குப் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நஷ்டம் 25,000. முதல் இரண்டுக்கும் கடையில் பதினாலாயிரம் வித்தியாசம். இரண்டு வருடக் கணக்கில் பார்த்தால் வெறும் இரண்டாயிரம். மாதத்துக்கு 84 ரூபாய் கூட ஆகவில்லை. இரண்டு டீ, இரண்டு சமோசா.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. அதே இருபத்திரண்டாயிரம் ரூபாய் கிட்டாரை முதல் ஆள் விற்கும்போது பதினாலாயிரத்துக்கு வாங்குவது. முதல் வருடத்தின் பெரிய சரிவை அந்த முதல் ஆள் ஏற்கெனவே சுமந்துவிட்டார், பாவம். இவர் இரண்டு வருடம் வாசித்துவிட்டுப் பதினோராயிரத்துக்குக் கொடுத்தால் நஷ்டம் 3,000. குப்பைக் கிட்டாரை விடப் பாதி செலவு!

இதில் ஒரு ஓட்டை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாஸ் வாசிக்க ஆள் குறைவு என்றால் பாஸ் வாங்கவும் ஆள் குறைவு. சாதாரண கிட்டார் இரண்டு நாளில் விற்கும். பாஸ் இரண்டு மாதம் கிடக்கலாம். அவசரத்துக்கு விற்றால் அடிமாட்டு விலைதான். எனவே, பணம் எந்த மாதம் தேவை என்று முன்கூட்டியே தெரிந்த பணத்தை இதில் போடக்கூடாது. ஜூன் அட்மிஷன் பணம் அப்படிப்பட்டது. கணக்குப்படி நஷ்டம் மூவாயிரமாக இருக்கலாம். ஆனால் ஜூனில் கல்லூரி கவுன்ட்டரில் போய் "கிட்டார் விற்றதும் மீதியைக் கட்டுகிறோம்" என்று சொல்ல முடியாதே!

சரி, "மலிவாக வாங்கினால் கற்றுக்கொள்ளவே முடியாது" என்கிறார்களே, அது பொய்யா? முழுப் பொய் இல்லை. அதில் பாதி நிஜம்.

பாஸின் மேல் கம்பி, அதாவது இ கம்பி, பொதுவாக ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் 105 பங்கு தடிமன். சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரில் அதே இடத்துக் கம்பி 46 பங்கு. கம்பியின் நீளமும் அப்படித்தான். கிட்டாரில் இருபத்தைந்தரை அங்குலம், பாஸில் 34. (இதைத் தோளில் மாட்டிக்கொண்டு மாநகரப் பேருந்தில் ஏறுகிறவர்களைக் கேட்டால் அங்குலத்தின் அருமை தெரியும்.) இவ்வளவு தடித்த, நீண்ட கம்பி, கழுத்திலிருந்து தேவைக்கு மேல் உயரத்தில் நின்றால் விரல் வலி தாங்காது. ஃப்ரெட்டுகள் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் பாதி சுரங்கள் ஜிர்ர்ர் என்று நடுங்கும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே போனால் சுருதி விலகும். ஆரம்பத்தில் இருப்பவருக்கு இது கருவியின் குற்றமா, தன் குற்றமா என்று தெரியாது. தன் குற்றம் என்றே நினைத்துக்கொள்வார். மூன்றாவது வாரத்தில் கிட்டார் கதவுக்குப் பின்னால் போய்விடும். எட்டாயிரம் முழுசாகப் போச்சு.

ஆகவே ஒரு கீழ் எல்லை இருக்கத்தான் செய்கிறது. அதற்குக் கீழே போவது சிக்கனம் ஆகாது. ஆனால் கீழ் எல்லை இருப்பதால் மேல் எல்லை இல்லை என்று ஆகிவிடுமா? எட்டாயிரத்திலிருந்து இருபதாயிரத்துக்குப் போகும்போது கிடைப்பது கண்ணுக்கும் கைக்கும் தெரியும்: வளையாத கழுத்து, நழுவாத ட்யூனர், ஒழுங்காகப் பதிக்கப்பட்ட ஃப்ரெட். இருபதிலிருந்து எண்பதுக்குப் போகும்போது கிடைப்பது வேறு விதம்: நல்ல பிக்கப், நல்ல மரம், அழகான பூச்சு, தலையில் ஒரு பெரிய பெயர். வித்தியாசம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கல்சுரல்ஸ் மேடையில், டிரம்ஸ் சத்தத்துக்கு நடுவே, கல்லூரி வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கர் வழியாக அதைக் கண்டுபிடிக்கக்கூடிய காது கூட்டத்தில் எத்தனை இருக்கும்? சீனியர் காது ஒன்று. அதுவும் பிராண்ட் பெயரைப் பார்த்த பிறகு!

பாஸ் சத்தமே பாதிப் பேருக்குக் கேட்பதில்லை என்பது தனிக் கதை. திறந்த இ கம்பியின் அதிர்வு விநாடிக்குச் சுமார் 41 முறை. செல்போன் ஸ்பீக்கருக்கு அந்த அளவுக்குக் கீழே இறங்க வக்கில்லை. "பனிவிழும் மலர்வனம்" பாட்டைப் போனில் ஸ்பீக்கர் போட்டுக் கேட்டுவிட்டு, பிறகு நல்ல ஹெட்போனில் கேட்டுப் பார்க்க வேண்டும். 1982இல் வந்த பாட்டு. கீழே ஒரு முழு மனிதர் தனியாக நடமாடிக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரியும். இளையராஜாவின் பாடல்களில் நெடுங்காலம் பாஸ் வாசித்தவர் சசிதரன். பாட்டு தெரிந்த லட்சக்கணக்கானவர்களில் அவர் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? பாஸ் வாசிக்க வருகிறவர்கள் இதற்கும் மனதைத் தயார் செய்துகொள்வது நல்லது. காசு செலவில்லை.

இந்த இடத்தில் சீனியர்கள் வழக்கமாக எடுக்கும் ஆயுதம், ஜாம்பவான்களின் பெயர்கள். அவர் ஃபெண்டர்தான் வாசித்தார், இவர் ஃபெண்டர்தான் வாசித்தார்... உண்மைதான். 1951இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பாஸ்தான் இன்றைய பாஸ் கிட்டாருக்கு அடிப்படை. மோட்டவுன் கம்பெனியின் எண்ணற்ற ஹிட் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனிடம் இருந்ததும் 1962ஆம் வருட பிரிசிஷன்தான். அவர் கம்பி அறுந்தாலொழிய கம்பியே மாற்றமாட்டார் என்பது பிரசித்தம். வலது கையில் ஆட்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்தே வாசித்தார். அவர் மலிவான கருவி வைத்திருந்தார் என்று சொன்னால் அது தவறு. அது தொழில்முறைக் கருவி. ஆனால் அவர் தொழில் செய்தார். வாசித்துச் சம்பளம் வாங்கினார். கருவி அவருக்கு மூலதனம். இரண்டாம் ஆண்டு மாணவனுக்கு அது நுகர்வு. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

மாணவனுக்குப் பொருத்தமான ஜாம்பவான் வேறு ஒருவர் இருக்கிறார். பால் மெக்கார்ட்னி.

1961இல் பீட்டில்ஸ் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இரவு விடுதிகளில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பாஸ் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் ஓவியம் படிக்கிறேன் என்று பேண்டிலிருந்து விலகினார். பாஸுக்கு யாரும் ஆசைப்படவில்லை. மெக்கார்ட்னி தலையில் விழுந்தது. (பேண்டுகள் உலகம் முழுக்க ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.) அவருக்கு அப்போது வயது பத்தொன்பதுக்குள். அவரே பின்னாளில் சொன்ன கணக்குப்படி, ஃபெண்டர் பாஸ் அப்போது 100 பவுண்டு அளவில் இருந்தது. அவரால் முடிந்தது 30 பவுண்டு. அந்த விலைக்குக் கிடைத்தது வயலின் வடிவத்தில் இருந்த ஹோஃப்னர் பாஸ். அவர் இடதுகைக்காரர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் கிட்டாரைத் திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாது என்பது கூடுதல் காரணம்.

இதில் பி.காம். மாணவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. லெனனும் ஹாரிசனும் நல்ல கிட்டார்களை ஹையர் பர்ச்சேஸில் வாங்கினார்கள், தான் மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை என்று மெக்கார்ட்னி சொல்லியிருக்கிறார். கடன் வாங்காதே என்று அவருடைய அப்பா தலையில் அடித்தாற்போலச் சொல்லி வளர்த்திருந்தாராம். ஆம், அக்கவுன்டன்சி புத்தகத்தில் வட்டியைத் தனியாகப் பிரிக்கச் சொல்லி உயிரை எடுக்கும் அதே வாடகைக் கொள்முதல் பாடம்தான்! அந்த 30 பவுண்டு கிட்டார் பீட்டில்ஸின் முதல் இரண்டு ஆல்பங்களிலும் இருக்கிறது. 1972இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடு போனது. ஐம்பது வருடத்துக்கும் மேலாகக் காணாமல் கிடந்து, கண்டெடுக்கப்பட்டு அவரிடமே திரும்பி வந்த செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானது. இன்று அதை விற்றால் எவ்வளவு வரும் என்று கேட்க அவருடைய அப்பா இல்லை.

கடன் என்று வந்ததால் அந்த "வட்டியில்லா" இ.எம்.ஐ.யையும் பார்த்துவிடலாம். ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது. இன்று "நோ காஸ்ட்" என்ற பெயரில் வருவதில் வட்டி இருக்கிறது. அதற்குச் சமமான தொகையைக் கடைக்காரர் தள்ளுபடியாகக் காட்டுகிறார். அதோடு பல கார்டுகளில் பிராசசிங் கட்டணம், வட்டிப் பகுதிக்கு ஜி.எஸ்.டி. என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். மாணவனுக்கு கிரெடிட் கார்டு கிடையாது. போடுவது அப்பா கார்டில். ஆக மாதம் இரண்டாயிரம் கட்டப்போவது யார்? பேண்ட் ஆறு மாதத்தில் உடையும். இ.எம்.ஐ. பன்னிரண்டு மாதமும் உடையாமல் ஓடும்.

(ஜி.எஸ்.டி. என்றதும் ஒரு சின்ன வயிற்றெரிச்சல்: வீணை, மிருதங்கம் போன்ற கையால் செய்யப்படும் நாட்டு வாத்தியங்களுக்கு வரி கிடையாது. பாஸ் கிட்டாருக்கு உண்டு. செகண்ட் ஹேண்டில் தனி ஆளிடம் வாங்கினால் அந்தத் தலைவலி இல்லை.)

எவ்வளவு என்று கேட்டால் எண் சொல்லாமல் தப்பிப்பது நியாயமில்லை. இதுவரை பாஸ் வாசித்தே பழகாத மாணவன், எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். "எல்லாம் சேர்த்து" என்பதை அடிக்கோடிடலாம். கிட்டாருக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக்கூடாது. கையில் இருக்கும் மொத்தத்தையும் கிட்டாரிலேயே போட்டுவிட்டு, கேபிளுக்குக் காசில்லாமல் நிற்பவர்கள் நிறைய. மீதியில் பை, கேபிள், ஸ்ட்ராப், ட்யூனர் எல்லாம் வர வேண்டும். பாஸ் கம்பி செட் ஒன்று, கிட்டார் கம்பி செட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை. வாங்கியதும் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து செட்டப் செய்துகொள்வது கட்டாயம். பத்தாயிரம் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய வித்தியாசத்தில் பாதி, இந்தச் சில நூறு ரூபாயிலேயே வந்துவிடும்.

ஆம்ப்? வீட்டுக்கு வேண்டாம். சின்ன பிராக்டிஸ் ஆம்ப் டிரம்ஸுக்கு முன்னால் கேட்காது. டிரம்ஸுக்கு முன்னால் கேட்கும் ஆம்ப் அபார்ட்மெண்டில் வைக்க முடியாது. தாழ்ந்த சுரம் சுவரைத் தாண்டிப் போகும். மூன்றாவது மாடியில் வாசித்தால் முதல் மாடி மாமி வந்து கதவைத் தட்டுவார். ஜாம் ரூமிலும் மேடையிலும் ஆம்ப் இருக்கும். வீட்டில் கிட்டாரிலேயே செருகும் சின்ன ஹெட்போன் ஆம்ப் போதும். நண்பனின் கிட்டார் ஆம்பில் பாஸைச் செருகிச் சத்தமாக வைப்பது மட்டும் வேண்டாம். ஸ்பீக்கர் போய்விட்டால் நட்பும் போகும்.

பழையதை வாங்கப் போகிறவர்கள் பாஸ் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. கழுத்தை ஒரு கண்ணால் நீளவாக்கில் பார்த்தால் முறுக்கு இருக்கிறதா என்று தெரியும். ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் நான்கு கம்பியையும் மெதுவாக ஒருமுறை வாசிக்க வேண்டும். விற்பவர் பெருமூச்சு விடுவார், விடட்டும். கேபிளைச் செருகி ஆட்டினால் கரகர சத்தம் வருகிறதா? பிரிட்ஜ் திருகாணிகள் துருப்பிடித்து இறுகிக் கிடக்கின்றனவா? சென்னைக் கடல்காற்றுக்கு இது சர்வ சாதாரணம், அந்தத் திருகாணி சுற்றவில்லை என்றால் கம்பி உயரத்தைச் சரி செய்யவே முடியாது. உள்ளே ஒன்பது வோல்ட் பேட்டரி இருக்கும் ஆக்டிவ் பாஸ் என்றால் பேட்டரிப் பெட்டியைத் திறந்து கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

அந்த மாணவன் கடைசியில் பதிமூன்றாயிரத்து ஐநூறுக்கு ஒரு பழைய பாஸ் வாங்கினான். ஆறாயிரம் அவனுடையது, எட்டாவது வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்த காசு. மீதி ஏழாயிரத்து ஐநூறு அப்பா தன் சம்பளத்திலிருந்து இரண்டு மாதமாகப் பிரித்துக் கொடுத்தது. ஆர்.டி. பணம் தொடப்படவில்லை, தங்கை ஜூனில் சேர்ந்துவிட்டாள். கல்சுரல்ஸில் பேண்டுக்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. டிரம்மர் ஆர்ட்டிகிள்ஷிப் சேர்ந்ததும் பேண்டும் கலைந்தது.

பாஸ் இன்னும் விற்கப்படவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்கிறான். வெளியே கம்பி தட்டும் டொக் டொக் சத்தம் மட்டும்தான் கேட்கும். அப்பா அவ்வப்போது எட்டிப் பார்த்து, "இப்ப வித்தா எவ்வளவு வரும்?" என்று கேட்கிறார். பதினொண்ணு வரும்ப்பா என்கிறான் அவன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்.